பெருல வாங்குன ஷிபிபோ குவளை, சூடா காபி ஊத்துனதும் பிசுபிசுனு ஒட்டுது, ஏமாந்துட்டேனா?

லிமா ரிட்டர்ன்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இன்னைக்குதான் முதல் இழை போடுறேன், தப்பான பிரிவா இருந்தா மாத்தி விட்ருங்க. ஆபீஸ் வேலையா ஒன்றரை வருஷம் லிமால இருந்தேன், கிளம்புறதுக்கு முன்னாடி நாலு நாள் லீவு போட்டு புகால்பா போனேன், உகயாலி ஆத்தங்கரைல இருக்கற ஊரு, அமேசான் காடு ஆரம்பிக்கற பக்கம். அங்கேருந்து யாரினாகோச்சா ஏரில படகு புடிச்சா சான் பிரான்சிஸ்கோனு ஷிபிபோ-கொனிபோ மக்களோட கிராமம் வரும். அங்க ஒரு பாட்டி வீட்டு வாசல்ல பாய் விரிச்சு பானை, குவளை எல்லாம் வெச்சிருந்தாங்க. நான் எடுத்தது ஒரு கை அளவு குவளை, வெள்ளை மேல கருப்புல கோடு கோடா, வளைஞ்சு மடங்கி புதிர்ப்பாதை மாதிரி ஓடுது, அவ்ளோ அழகு.

இப்ப பிரச்சனை என்னன்னா, வீட்டுக்கு வந்து ஆசையா அதுல சூடா காபி ஊத்தி குடிச்சேன், பாதி குடிக்கறதுக்குள்ள வெளிப்பக்கம் கையில ஒட்ட ஆரம்பிச்சிருச்சு. பிசுபிசுனு. மறுநாள் பாத்தா என் விரல் ரேகை அப்படியே அதுல பதிஞ்சிருக்கு. பெயிண்ட் கடை வார்னிஷ அடிச்சு டூரிஸ்ட் தலையில கட்டிட்டாங்களோனு ஒரு டவுட்டு. இன்னொன்னு, கூட வந்த கைடு அந்த டிசைன்ல விரல வெச்சு ஓட்டி ஓட்டி பாட்டு பாடி காட்டினாரு, "இது வெறும் டிசைன் இல்ல, இது ஒரு பாட்டோட நோட்டேஷன்"னாரு. அதுவும் உண்மையா கதையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெறும்வாய்:
காபிக்கு எவர்சில்வர் டம்ளர்னு ஒன்னு கண்டுபுடிச்சிருக்காங்க ப்ரோ

சூளைக்காரி:
தம்பி நீ ஏமாறல, குவளைதான் உன்கிட்ட மாட்டி ஏமாந்துருச்சு. அது வார்னிஷ் இல்ல, மரப்பிசின். ஷிபிபோ பொம்பளைங்க பானைய சுட்டு எடுத்து, சூடு ஆறுறதுக்கு முன்னாடியே ஒரு பிசின் கட்டிய மேல தேய்ப்பாங்க, அந்தச் சூட்டுல அது உருகி ஓடி கண்ணாடி மாதிரி ஒரு படலமா படிஞ்சிரும். யோமோஷோனு அதுக்குப் பேரு. அந்த பளபளப்பும், வெள்ளை லேசா தேன் கலர் அடிக்கறதும் அதனாலதான். சூட்டுல உருகி ஒட்டுனது சூடு பட்டா இளகத்தானே செய்யும். கிளேஸ் போட்ட பீங்கான்னு நெனச்சியா, அது ஆயிரம் டிகிரிக்கு மேல சூளைல வெந்து கண்ணாடியாவே ஆனது. இது திறந்த நெருப்புல சுட்ட மண்ணு.

டெஸ்ட் பண்ணணும்னா ஒன்னும் வேணாம், ஒட்டுற இடத்த கட்டைவிரலால நாலு தடவ வேகமா உரசி மோந்து பாரு. சாம்பிராணி சாயல்ல வாசம் வந்தா பிசின், பெயிண்ட் கடை நாத்தம் அடிச்சா வார்னிஷ்.

லிமா ரிட்டர்ன்:
அக்கா இப்பதான் உரசி பாத்தேன். சத்தியமா கோயில் வாசம்!! மனசு லேசாச்சு. அப்ப அந்த குவளைல அவங்க என்னதான் குடிப்பாங்க?

சூளைக்காரி:
மசாத்தோ. மரவள்ளிக்கிழங்க வேகவெச்சு மசிச்சு கொஞ்சத்த வாயில மென்னு துப்பி புளிக்க வெச்ச கள்ளு மாதிரி ஒன்னு. சூடா குடிக்கற சமாச்சாரமே கிடையாது. நீ வாங்குனது கென்போ, குடிக்கற பாத்திரம். சாப்பிடற கிண்ணம் கென்ச்சா, அதுல பெரும்பாலும் உள்பக்கம் புகை ஏத்தி கருப்பா ஆக்கியிருப்பாங்க. அடுப்புல ஏத்தறது கென்ட்டி, அதுக்கு கோலாகலம் எதுவும் இருக்காது, வெள்ளையும் இல்ல பிசினும் இல்ல, கரி புடிச்சி கெடக்கும். கள்ளு, தண்ணி ஊத்தி வைக்கற பெரிய ஜாடி சோமோ, ச்சோ-னு அழுத்தி சொல்லணும். சுருக்கமா, நெருப்புக்குப் போற பானைக்கு பூச்சு கிடையாது, பூச்சு உள்ள பானை நெருப்பு பக்கம் போகாது. நீ ரெண்டையும் கலந்துட்ட.

பழங்கலம்:
அக்கா சொன்னதோட ஒன்னு சேத்துக்கறேன், ஏன்னா இந்த ஏரியா எனக்கு ரொம்ப புடிச்ச ஏரியா. தொல்லியல் படிக்கறவங்களுக்கு ஷிபிபோ பானைங்க ஒரு பாடம் மாதிரி. வாரன் டிபோயர்னு ஒரு ஆளு 1974ல உகயாலி மேல்பகுதி கொனிபோ வீடுகள்ல இருக்கற பானை எல்லாம் எத்தன நாள் உயிரோட இருக்குனு கணக்கெடுத்தாரு. தினம் கையில புழங்குற கிண்ணம், குவளை எல்லாம் சட்டு சட்டுனு உடைஞ்சிருது, மூலையில ஆடாம அசையாம உக்காந்திருக்கற பெரிய ஜாடிதான் கூட நாள் வாழுது. கேக்க சாதாரணமா இருக்கு இல்ல? ஆனா குப்பை மேட்ட தோண்டறவனுக்கு இது பெரிய தலைவலி. குப்பைல பத்து கிண்ணத்து ஓடு, ஒரு ஜாடி ஓடு கிடைச்சா, "வீட்ல பத்து கிண்ணம் ஒரு ஜாடி இருந்துச்சு"னு எழுதக் கூடாது, வீட்ல ஒரே கிண்ணம் இருந்து பத்து தடவ மாத்தி இருக்கலாம்.

அப்புறம் 1979ல அவரும் டொனால்ட் லாத்ராப்பும் சேந்து இந்தப் பானைங்க பொறக்கறதுல இருந்து உடையற வரைக்கும் முழுசா எழுதி வெச்சாங்க, களிமண்ணு எங்கேருந்து வருது, எந்தப் பானைக்கு எந்த மண்ணு, உடைஞ்சப்புறம் ஓடு எங்க போகுதுனு. உடைஞ்ச ஓடு எல்லாத்தையும் தூக்கி எறிய மாட்டாங்க, கொஞ்சத்த இடிச்சு பொடியாக்கி அடுத்த பானைக்கான மண்ணுல கலப்பாங்க. ஸோ உங்க குவளைக்குள்ள அந்த பாட்டியோட பழைய பானை ஏதாவது ஒன்னு பொடியா இருக்க சான்ஸ் இருக்கு.

லிமா ரிட்டர்ன்:
இது சூப்பரா இருக்கு. சும்மா களிமண்ணுல செஞ்சா ஆகாதா, ஏன் ஓட்டப் பொடி பண்ணி கலக்கணும்?

சூளைக்காரி:
வெறும் களிமண்ணு காயும்போது சுருங்கி வெடிச்சிரும், நெருப்புல வெச்சா படார்னு தெறிச்சிரும். உள்ள ஒரு சொரசொரப்பு வேணும், சுருக்கத்த புடிச்சு நிறுத்தவும், ஈரம் ஆவியாகி வெளிய போக வழி விடவும். ஓட்டுப்பொடி ஒன்னு. ஆனா அவங்களோட ஸ்பெஷல் அது இல்ல, மரப்பட்டை சாம்பல். அப்பச்சராமானு அங்க ஒரு மரம், அதோட பட்டைல சிலிக்கா, அதாவது மணல்ல இருக்கற அதே சரக்கு, எக்கச்சக்கமா இருக்கும். பட்டைய எரிச்சு, இடிச்சு, சலிச்சு மண்ணோட பிசைவாங்க. நம்மள மாதிரி ஸ்டூடியோ ஆளுங்க டப்பால வர்ற க்ராக், அதாவது சுட்ட மண்ணுப் பொடிய வாங்கி கலக்கறோம், அவங்க மரத்துலேர்ந்து மணல் எடுக்கறாங்க. நான் முதல் தடவ இத படிச்சப்ப ரெண்டு நாள் இதே நெனப்பா இருந்தேன்.

சக்கரம் கிடையாது. மண்ண கயிறு மாதிரி உருட்டி, அடுக்கடுக்கா சுத்தி, சுரைக்கா ஓட்டுத் துண்டால இழுத்து இழுத்து மெலிசாக்கறது. இடுப்பு ஒசரத்துக்கு வர்ற ஜாடிகூட சுவர் விரல் கனம்தான். நான் அம்பது சென்டிமீட்டர் ஜாடிய இப்படி கயிறு சுத்தி கட்ட மூணு தடவ ட்ரை பண்ணி மூணு தடவையும் தோள்பட்டை திரும்பற எடத்துல உக்காந்துருச்சு, ஏன்னா கீழ இருக்கற மண்ணு கொஞ்சம் இறுகற வரைக்கும் பொறுக்காம மேல மேல ஏத்துனேன். அவங்க கொஞ்சம் கட்டிட்டு விட்ருவாங்க, சமையல் வேலை, புள்ளைய பாக்கற வேலை, திரும்ப வந்து அடுத்த சுத்து. அந்த இடைவேளைதான் டெக்னிக்.

சுடறதும் சூளை இல்ல. பெரிய ஜாடிய கவுத்தி முட்டுக் குடுத்து நிறுத்தி, சுத்தி வெறகு சாத்தி கொளுத்தறது. உன்னோட குவளை மாதிரி சின்னதெல்லாம் நேரடி தீயில வெச்சா புகை புடிச்சு வெள்ளை கெட்டுரும், அதனால அடி உடைஞ்ச ஒரு பழைய பானைக்குள்ள வெச்சு சுடுவாங்க, அந்த ஓட்டைப் பானை சூளைக்குள்ள சூளை மாதிரி.

வெறும்வாய்:
ஓட்டைப் பானைக்கு கூட அங்க வேலை இருக்கு, எனக்குத்தான் இல்ல

நீலவானம்77:
எல்லாரும் மண்ணு சாம்பல்னு பேசறீங்க ஆனா இழை தொடங்கினவர் கேட்ட முக்கியமான கேள்விய யாரும் தொடலயே. அந்த கைடு சொன்னது நூறு சதவீதம் உண்மை. ஷிபிபோ டிசைனுக்கு கெனேனு பேரு, அது வெறும் அலங்காரம் இல்ல, அயவாஸ்கானு தரிசனம் வர வைக்கற ஒரு காட்டுக் கொடிக் கஷாயம், அத குடிச்ச மருத்துவருங்க தரிசனத்துல பாக்கற கோடுகள், ஒவ்வொரு கோடும் ஒரு பாட்டு, அந்தக் கோட்ட படிச்சா பாட்டு வரும். ரெண்டு பொம்பளைங்க ஒரு பெரிய ஜாடியோட ரெண்டு பக்கமும் உக்காந்து, ஒருத்தர ஒருத்தர் பாக்கவே முடியாம, ஒரே பாட்ட பாடிக்கிட்டே வரைவாங்க, கடைசில ரெண்டு பக்கத்துக் கோடும் கரெக்டா சேந்துரும். இத நான் ரெண்டு மூணு வீடியோல பாத்திருக்கேன், நம்ம அறிவுக்கு எட்டாத விஷயம் எல்லாம் இருக்கு.

பழங்கலம்:
நீலவானம் அண்ணா, அந்த ரெண்டு பொம்பளைங்க கதை எங்கேருந்து வந்துச்சுனு தேடிப் பாத்திருக்கீங்களா? ஆங்கெலிகா கெப்ஹார்ட்-ஸாயர்னு ஒரு ஜெர்மன் ஆய்வாளர், 1980கள்ல அங்க வேலை பண்ணவங்க, 1985ல எழுதுன கட்டுரை பக்கம்தான் வழி போகும். அவங்க எழுதுனதும் "முன்ன ஒரு காலத்துல அப்படி இருந்துச்சுனு சொல்றாங்க"ங்கற மாதிரிதான். மருத்துவர் பாட்டும் டிசைனும் ஒன்னுக்கொன்னு மாறக்கூடியதுனு அவங்க சொன்னது ரொம்ப கவர்ச்சியான ஐடியா, அப்படியே காட்டுத்தீ மாதிரி பரவிருச்சு, இப்ப எந்த அயவாஸ்கா விளம்பரத்துலயும் இதுதான் முதல் வரி.

ஆனா மறுப்பும் இருக்கு. பெர்ண்ட் ப்ராபெக் டெ மோரி இசை ஆய்வாளர், அவரோட மனைவி லைடா மோரி ஷிபிபோ பெண்ணே. ரெண்டு பேரும் 2009ல இத நேரா எடுத்துப் பேசினாங்க. அவங்க வாதம் சுருக்கமா: கோட்ட விரலால தொட்டு பாட்டா படிக்கறது பழைய வழக்கமா தெரியல, டூரிஸ்ட் வர ஆரம்பிச்ச பிறகு வளந்தது. கைடு பாடுனது பொய்னு சொல்ல வரல, புதுசுனு சொல்றேன்.

நீலவானம்77:
வெள்ளைக்காரன் ஒருத்தன் ஆமாங்கறான் இன்னொருத்தன் இல்லைங்கறான், இதுல நீங்க ஒருத்தன நம்பறீங்க. அந்த மக்களே பாடும்போது நாம யாரு இல்லைனு சொல்ல?

பழங்கலம்:
நியாயமான கேள்விதான். ஆனா "அந்த மக்கள்"னா யாரு? பாட்டு பாடறது மருத்துவர், பெரும்பாலும் ஆம்பளை. பானை செய்யறது, கெனே வரையறது பொம்பளை. இந்தக் கதைல கோடு எங்கேருந்து வந்துச்சுங்கற பெருமை முழுக்க ஆம்பளையோட அயவாஸ்கா தரிசனத்துக்கு போயிருது பாருங்க. வரையற பொம்பளைங்களைக் கேட்டா வேற பதில் வருது. அம்மாகிட்ட பாட்டிகிட்ட கத்துக்கிட்டேன், கனவுல பாத்தேன், என் ஷினான்ல இருந்து வந்துச்சுனு சொல்றாங்க, ஷினான்னா நெனப்பு, யோசனை, புத்தி எல்லாம் சேந்தது. அப்புறம் பிரிபிரினு ஒரு கோரைச் செடி, சின்னப் பொண்ணுக்கு அதோட சாற கண்ணுலயும் தொப்புள்லயும் சொட்டு விடுவாங்க, அப்பதான் டிசைன் உள்ள தெரியும்னு. லூயிசா எல்விரா பெலௌண்டே இது பத்தி நிறைய எழுதியிருக்காங்க. இதுவும் செடிதான், இதுவும் தரிசனம்தான், ஆனா டூரிஸ்ட்டுக்கு அயவாஸ்கா குடிக்கற முகாம் நடத்தி விக்கறவனுக்கு இது உதவாது, அதனால விளம்பரத்துல வராது.

மூலக் கதைய கேட்டீங்கன்னா ரெண்டு தரப்பும் ஒத்துக்கற ஒன்னு இருக்கு: ரோனின், பெரிய அனகோண்டா. உலகத்துல இருக்கற எல்லா கெனேவும் அதோட தோல்ல இருக்குனு சொல்வாங்க.

சூளைக்காரி:
பழங்கலம் தம்பி, நல்லா கேட்ட. எனக்கு பாட்டு மேல கோவம் ஒன்னும் கிடையாது. ஆனா இந்த பாட்டுக் கதைய ஆயிரம் பேரு ஷேர் பண்றான், அப்பச்சராமா பட்டை பத்தி பத்து பேருக்குத் தெரியல. மேல ஓடுற கோடு மட்டும் ஃபேமஸ், கோட்டத் தாங்கற மண்ணு அனாமத்தா கெடக்கு. அதுதான் என் ஆதங்கம்.

தறிநூல்:
நான் டெக்ஸ்டைல் பக்கம் ஆளு, அதனால இந்த இடத்துல மூக்க நுழைக்கறேன். எங்க ஆளுங்களுக்கு ஷிபிபோன்னா துணிதான் ஞாபகம் வரும், பானை இல்ல. இதே கெனேதான், துணில வரையறாங்க, தையல் போட்டு எம்பிராய்டரியும் பண்றாங்க, எம்பிராய்டரிக்கு கெவேனு தனிப் பேரு. பெரு அரசு 2008ல தேசத்தோட பண்பாட்டுச் சொத்துனு அறிவிச்சப்பயும் கெனேங்கற டிசைனத்தான் அறிவிச்சுது, அது பானைலயும் இருக்கும் துணிலயும் இருக்கும் உடம்புலயும் இருக்கும். லிமால கன்டகாயோனு ஒரு பகுதி இருக்கே, இழை தொடங்கினவர் பாத்திருப்பார், காட்டுலேர்ந்து நகரத்துக்கு வந்த ஷிபிபோ குடும்பங்க சேந்து இருக்கற எடம், 2016 நவம்பர்ல தீப்புடிச்சு நெறைய வீடு போச்சு. அங்கேருந்து ஒலிண்டா சில்வானோ மாதிரி ஆளுங்க கெனேய நகரத்து சுவர்ல பெரிய பெரிய ஓவியமா கொண்டு வந்தாங்க. துணி, சுவர் ரெண்டும் நகரத்துக்கு வந்துருச்சு, பானை வரல. ஒட்டி ஒட்டி தகர வீடு இருக்கற எடத்துல எவன் திறந்த நெருப்பு போட விடுவான்?

லிமா ரிட்டர்ன்:
ஆமாங்க கன்டகாயோ போயிருக்கேன். நீங்க சொன்னப்பறம்தான் உறைக்குது, அங்க துணி, பாசிமணி, பை எல்லாம் குமிஞ்சு கெடந்துச்சு, பானை கண்ணுல படவே இல்ல. சான் பிரான்சிஸ்கோலயும் நான் பாத்த பத்துப் பதினஞ்சு வாசல்ல மண்ணு வேலை ரெண்டு எடத்துலதான். அந்தப் பாட்டி எனக்கு சுத்தித் தந்தது பழைய பேப்பர், அதுக்கு மேல ஒரு துணி, அந்தத் துணிக்கும் தனியா காசு வாங்கிட்டாங்க 😄 உடையாம வந்ததே பெரிய விஷயம்.

தறிநூல்:
அதேதான் பாயிண்டு. துணிய மடிச்சு பைல சொருகிக்கலாம், விமானத்துல உடையாது, எடை இல்ல. பானைய எவன் தூக்கிட்டு வருவான். டூரிஸ்ட் வாங்கறதுதான் செய்யறாங்க, அப்ப இயல்பா கை துணிப் பக்கம் போகுது. ஊருக்குள்ள அலுமினியச் சட்டியும் பிளாஸ்டிக் பக்கெட்டும் வந்தப்புறம் கென்ட்டிக்கு வேலையும் போச்சு. லிமாலேர்ந்து புகால்பாவுக்கு ரோடு 1943லயே வந்துருச்சு, அந்த ரோடு வந்தா இந்த மாதிரி சாமானும் கூடவே வரத்தானே செய்யும்.

நீலவானம்77:
சரி நான் பாட்டு விஷயத்துல கொஞ்சம் இறங்கி வர்றேன், பழங்கலம் சொன்ன அந்த ஆம்பளை பொம்பளை விஷயம் நான் யோசிச்சதே இல்ல. ஆனா ஒன்னு கேக்கறேன், பாட்டு இல்லைனா அவ்ளோ பெரிய ஜாடில ஸ்கெட்ச் கூட போடாம எப்படி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சேருது? அதுக்கு என்ன விளக்கம்?

சூளைக்காரி:
கை. வேற என்ன. அஞ்சு வயசுல இருந்து அம்மா பக்கத்துல உக்காந்து பாத்த கை.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா நீங்க உண்மையாவே கேக்கறீங்க. முதல்ல தடியான கோடு ஒன்ன இழுப்பாங்க, அதுதான் எலும்பு. அது பானைய எப்படி பங்கு போடுதுங்கறதுல மொத்த டிசைனும் முடிவாயிரும். அப்புறம் அதுக்கு ரெண்டு பக்கமும் கூடவே ஓடற மெல்லிசு கோடு. அப்புறம் மிச்சம் இருக்கற சந்துல எல்லாம் குட்டி குட்டியா நிரப்பறது. ஸோ சேர வேண்டியது தடிக்கோடு மட்டும்தான், அது சேந்துட்டா மெல்லிசு தானா வந்துரும். அடுத்து, கோணம் எப்ப வேணா திருப்பிக்கலாம், இடம் நெருக்கடி ஆச்சுன்னா ஒரு மடிப்ப குறைச்சுக்கலாம். சேரலைன்னா சேர வைப்பாங்க. ஒரே பானைல ரெண்டு பக்கமும் கார்பன் காப்பியா இருக்காது, கிட்டத்துல பாருங்க, ஒரு பக்கம் கொக்கி உள்ள மடங்கும் இன்னொரு பக்கம் வெளிய மடங்கும்.

பிரஷ் என்னனு தெரியுமா? தலைமுடி. சொந்த முடியோ புள்ளைங்க முடியோ கொஞ்சம் நறுக்கி குச்சில கட்டிக்குவாங்க. முடி நீளமா இருக்கறதால கோடு நடுங்காம இழுபடும், ஆனா வேகமா திருப்ப முடியாது. நான் என் முடிய வெட்டி பண்ணி பாத்தேன், முதல் கோடு நல்லா வந்துச்சு, முதல் திருப்பத்துலயே சொதப்பிருச்சு. என் முடி சுருட்டை, அதுவும் ஒரு காரணம்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

வெறும்வாய்:
அக்கா பானைக்காக முடி குடுத்த முதல் ஆளு நீங்கதான் வேண்டுதல் இல்லாம

பழங்கலம்:
😂

நீலவானம் அண்ணா, இன்னொரு கோணம். பெரிய ஜாடி எதுக்குனு பாக்கணும். அனி ஷெயாத்தினு ஒரு திருவிழா இருந்துச்சு, பேருக்கு அர்த்தமே "பெரிய குடி". பொண்ணுங்க வயசுக்கு வந்ததுக்கு பண்ற சடங்கு, முன்நெத்தி முடிய வெட்டறது, சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எல்லாம் படகுல வர்றது, நாள்கணக்கா மசாத்தோ. இதுல பொண்ணுங்களுக்கு பிறப்புறுப்ப வெட்டற கொடுமையும் சேந்தே இருந்துச்சு, அத மறைச்சுட்டு திருவிழாவ அழகா மட்டும் பேசறது எனக்குப் புடிக்கல, அது நின்னுபோனது நல்லதுதான். ஆனா பானை பக்கத்துலேர்ந்து பாத்தா, வர்ற விருந்தாளி எல்லாத்துக்கும் ஊத்தணும்னா எத்தன பெரிய சோமோ வேணும், எத்தன கென்போ வேணும், ரொம்ப முன்னாடியே தோட்டத்துல மரவள்ளி நடறதுலேர்ந்து பானை சுடறது வரைக்கும் வேலை ஆரம்பிச்சிரும். நீட்டற குவளைல இருக்கற கெனேதான் எதுத்தாப்ல உக்காந்திருக்கற சம்பந்தி வீட்டு பொம்பளைங்க கண்ணுல படும். விழா நின்னுச்சு, அவ்ளோ பெரிய ஜாடிக்குத் தேவையும் நின்னுச்சு. அலுமினியம் பாதி காரணம்தான், இது மீதிப் பாதி.

லிமா ரிட்டர்ன்:
எனக்கு ஒரு சின்ன சந்தேகம், ஷிபிபோ-கொனிபோனு ரெண்டு பேரு ஏன்? ரெண்டு இனமா?

பழங்கலம்:
ஷிபிபோ, கொனிபோ, ஷெதேபோனு முன்ன தனித்தனியா இருந்தவங்க, கல்யாணம் காட்சினு கலந்து ஒன்னாயிட்டாங்க. ஷிபின்னா அங்க ஒரு குட்டிக் குரங்கு, கொனின்னா விலாங்கு மாதிரி மீனு, போன்னா பன்மை. பேர நேரா மாத்துனா குரங்குங்க-விலாங்குங்க. பொதுவா பாத்தா உகயாலில ஆத்துக்கு ஆறு, ஊருக்கு ஊரு பானை வேலை மாறும். வெள்ளைக் களிமண்ணு எல்லா கரையிலயும் கிடைக்காது, தூரத்துலேர்ந்து படகுல வரணும், பட்டையும் அப்படித்தான். ஒரு பானைக்கு பின்னாடி நாலஞ்சு ஊரு சொந்தக்காரங்க இருப்பாங்க.

தறிநூல்:
ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போறேன். இப்ப ஆன்லைன்ல ஷிபிபோ பேட்டர்ன்னு அடிச்சா பிரிண்ட் போட்ட லெக்கின்ஸ், போன் கவர், யோகா பாய் எல்லாம் கொட்டுது. அதுல பெரும்பாலானதுல இருந்து அந்த ஊர்ப் பொம்பளைங்க கைக்கு ஒரு காசு போகுமானு யோசிச்சுக்கோங்க. பேட்டர்ன திருடறது ஈசி, ஸ்கேன் பண்ணா போதும். பானைய அப்படித் திருட முடியாதுங்கறது மட்டும்தான் ஒரே ஆறுதல்.

சூளைக்காரி:
திருடுனாலும் வீட்டுக்கு போறதுக்குள்ள உடைச்சிருவான்.

சரி லிமா தம்பி, உன் குவளைக்கு வருவோம். விம் போட்டு தேய்க்காத, ஸ்க்ரப்பர் படவே கூடாது. ஒட்டற எடத்துல தூசி புடிச்சிருந்தா ஈரத்துணிய நல்லா புழிஞ்சு ஒத்தி எடு, அப்புறம் காத்தாட நிழல்ல நாலஞ்சு நாள் வெச்சிரு, வெயில்ல வேணாம், தானா இறுகிரும். உன் ரேகை அதுல நெலைச்சுரும், இருக்கட்டும். மோரு பாலு ஊத்தாத, உள்ள ஊறி நாறும், அப்புறம் எதுக்கும் ஆகாது. தண்ணி ஊத்தலாம், ரொம்ப நேரம் விடாத. கடைசியா ஒன்னு, தட்டிப் பாரு. கணீர்னா சரி, டப்புனு செத்த சத்தம் வந்தா எங்கயோ விரிசல்.

லிமா ரிட்டர்ன்:
நாலு நாள் கழிச்சு வர்றேன், சாரி, ஆபீஸ்ல ஆடிட். அக்கா சொன்ன மாதிரியே ஷெல்ஃப்ல நிழல்ல வெச்சேன், இப்ப ஒட்டல. தட்டிப் பாத்தேன், கணீர்னு இல்ல, டப்புனும் இல்ல, நடுவுல ஒரு சத்தம்.

அப்புறம் நீங்க எல்லாம் சொன்னத வெச்சு லென்ஸ் எடுத்து உக்காந்து பாத்தேன். தடிக்கோடு எல்லாம் சரியா சேந்திருக்கு. ஆனா ஒரு எடத்துல, கிட்டத்தட்ட கீழ் விளிம்புல, மெல்லிசு கோடு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்து சேராம ஒரு நூல் அளவு விலகி நிக்குது, நடுவுல ஒரு குட்டி கொக்கி போட்டு ஒப்பேத்தியிருக்காங்க. ரிம்முக்கிட்ட கோடு முடியவே இல்ல, பாதில வெட்டுனாப்ல வெளிய போயிட்டே இருக்கு. அடியில பூச்சு இல்லாத எடத்துல விரல் வெச்ச பள்ளம் ஒன்னு இருக்கு, என் சுண்டுவிரல் சரியா உக்காருது.

சூளைக்காரி:
நடுவுல ஒரு சத்தம்னா திறந்த நெருப்பு பானைக்கு அதான் சரியான சத்தம், நான்தான் ஸ்டூடியோ பழக்கத்துல கணீர்னு சொல்லிட்டேன். அந்தக் கொக்கிய மட்டும் போட்டோ எடுத்து போடு.

வெறும்வாய்:
காபி எதுல குடிக்கறீங்க இப்ப?

லிமா ரிட்டர்ன்:
எவர்சில்வர்.